வேலையை விடாமல் யோக ஆசிரியர் பயிற்சி: ஒரு 200 மணி நேர வகுப்பின் மதிப்பீடு

யோக ஆசிரியர் பயிற்சி என்றாலே ஒரு மாதம் வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு ஏதேனும் ஓர் ஆசிரமத்தில் தங்கிப் படிப்பது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அவ்வாறு விட்டுச் செல்ல இயலாதவர்களை மனத்தில் கொண்டு, வார இறுதிகளில் நேரிலும் வார நாட்களின் மாலைகளில் நேரலையிலுமாக 200 மணி நேரத்தைப் பல மாதங்களுக்குப் பரப்பி நடத்தப்படும் ஒரு வகுப்பை அண்மையில் நான் முடித்தேன். அதன் அறிவிப்பில் இரண்டு உறுதிமொழிகள் இருந்தன. அன்றாட வாழ்வில் நிலைத்து நிற்கும் ஒரு பயிற்சி பங்கேற்பவருக்கு அமையும் என்பது முதலாவது. பிறருக்குக் கற்பிக்கும் தகுதி வரும் என்பது இரண்டாவது. முதலாவதை இந்த வகுப்பு மிகச் சிறப்பாக நிறைவேற்றியது. இரண்டாவதில், கற்பிக்கும் முறையை நன்றாகவே கொடுத்தது. ஆனால் அந்த முறையைப் பழகிப் பார்க்கத் தேவையான மனிதர்களை எங்களுக்குக் கொடுக்கவில்லை. இந்த மதிப்பீட்டில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இந்தக் குறையைத்தான்.

200 மணி நேரம் என்ற அளவைப் பற்றி முதலில் சில வார்த்தைகள். அமெரிக்காவில் 1999-இல் உருவான யோகா அலையன்ஸ் என்ற பதிவு அமைப்பே இந்த அளவைப் பல நாடுகளில் வழக்கமாக்கியது. அதன் தற்போதைய வரையறைப்படி ஆசனம், பிராணாயாமம், தியானம் ஆகியவற்றின் பயிற்சிக்குக் குறைந்தது 75 மணி நேரமும், உடற்கூறியலுக்கும் உடலியங்கியலுக்கும் சேர்த்து 30 மணி நேரமும், வரலாறு, தத்துவம், நெறிமுறை ஆகியவற்றுக்கு 30 மணி நேரமும், கற்பித்தல் திறனுக்கும் தொழில்முறை வளர்ச்சிக்கும் 50 மணி நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். ஆனால் இது ஒரு பதிவேடு மட்டுமே. ஒவ்வோர் ஆசிரியரையும் நேரில் சோதித்துத் தகுதி வழங்கும் அமைப்பு அன்று. ஆகவே ஒரே எண்ணிக்கையைத் தாங்கி வரும் இரண்டு சான்றிதழ்களுக்குப் பின்னால் முற்றிலும் வேறுபட்ட இரண்டு கல்விகள் இருக்கக்கூடும். வகுப்பைத் தேடுபவர்கள் மொத்த மணி நேரத்தைப் பார்ப்பதைவிட, அந்த நேரம் எதில் செலவாகிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

சொந்தப் பயிற்சியைப் பற்றிய பகுதியே இந்த வகுப்பின் உயிர். முதல் வாரத்திலேயே, ஒவ்வொருவரும் தம் நாளில் எந்த நேரம் உண்மையாகவே தம் கையில் இருக்கிறது என்பதை எழுதித் தர வேண்டும் என்றார்கள். விருப்பப்படும் நேரத்தைக் கேட்கவில்லை; இருக்கும் நேரத்தைத்தான் கேட்டார்கள். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் பரபரப்பில் காலை கரைந்துபோகிறவருக்கும், இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குகிறவருக்கும் பிரம்ம முகூர்த்தத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பதை ஆசிரியர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். அவரவர் எழுதித் தந்த நேரத்துக்கு ஏற்ப, அமர்ந்து மூச்சைக் கவனித்தல், முதுகெலும்பை எல்லாத் திசைகளிலும் மெல்ல அசைத்தல், நின்ற நிலை ஆசனங்கள் இரண்டு அல்லது மூன்று, படுத்த நிலை ஒன்று, சவாசனம் என்ற அளவில் சுமார் 20 நிமிடப் பயிற்சி ஒன்றை வகுத்துக் கொடுத்தார்கள். அதை வாரங்கள் செல்லச் செல்லத் திருத்திக்கொண்டே வந்தார்கள். பதஞ்சலியின் யோக சூத்திரம் பயிற்சி உறுதிப்படுவதற்கு நெடுங்காலம் செய்தல், இடைவிடாமல் செய்தல், ஈடுபாட்டுடன் செய்தல் என்று மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்பது அவற்றில் இல்லை. இதைச் சுட்டிக்காட்டி, பத்து நிமிடமே கிடைக்கும் நாளில் அந்தப் பத்து நிமிடத்தை முழுமையாகச் செய்வதே பயிற்சி என்று வகுப்பில் விளக்கினார்கள். நேரமில்லை என்று பயிற்சியைக் கைவிட்டு, பிறகு அந்தக் குற்ற உணர்விலேயே யோகத்தை முற்றிலும் துறந்துவிட்ட பலரை நான் அறிவேன். அவர்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நடைமுறை சார்ந்த நுட்பங்களிலும் இந்தப் பகுதி வளமாக இருந்தது. உறக்கத்தின்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சிச் சற்றே உப்பியிருப்பதால், எழுந்தவுடன் முன்னோக்கி ஆழமாக வளைந்தால் அவற்றின் மீதும் சுற்றியுள்ள தசைநார்கள் மீதும் பகலில் ஏற்படுவதைவிடக் கூடுதல் அழுத்தம் விழுகிறது. எனவே விடியற்காலையில் பயிற்சி செய்பவர்கள் எழுந்து சிறிது நேரம் நடமாடிவிட்டு, முழங்காலை மடக்கியபடியே குனியத் தொடங்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். வயிறு நிரம்ப உண்டபின் மூன்று நான்கு மணி நேரம் கழித்தே ஆசனம் என்ற பழைய விதியை மாலைப் பயிற்சிக்காரர்கள் எப்படிக் கடைப்பிடிப்பது என்பதற்கும் தெளிவான வழி சொன்னார்கள்: உணவுக்கும் பயிற்சிக்கும் இடைவெளி கிடைக்காத நாளில் ஆசனத்தை விட்டுவிட்டு, அமர்ந்து செய்யும் மூச்சுப் பயிற்சியையும் தியானத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மூச்சுப் பயிற்சியில் அவர்கள் காட்டிய நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பல இடங்களில் முதல் நாளிலேயே மூச்சை வேகமாக வெளியேற்றும் கபாலபாதியும் மூச்சை அடக்கும் கும்பகமும் கற்பிக்கப்படுகின்றன. இங்கே முதல் பல வாரங்களுக்கு வெளிமூச்சைச் சற்றே நீளமாக்குவது மட்டுமே பாடமாக இருந்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு என்ற வேகத்துக்கு வரும்போது இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் மூச்சின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்திசைகிறது என்பதும், பெரும்பாலோருக்கு அமைதி உணர்வு அந்த வேகத்தில் கூடுகிறது என்பதும் உடலியங்கியலில் நன்கு ஆராயப்பட்டவை. உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம் ஆகிய நிலைகளில் கபாலபாதி ஏன் கூடாது என்பதையும் காரணத்தோடு விளக்கினார்கள். வெறும் தடைப்பட்டியலாகக் கொடுத்திருந்தால் அது நினைவில் நின்றிருக்காது. அடிவயிற்றை வேகமாக உள்ளிழுக்கும்போது வயிற்றறையின் அழுத்தம் எப்படி உயர்கிறது என்பதைப் புரிந்துகொண்டவர் அந்தப் பட்டியலைத் தாமே எழுதிவிடுவார்.

கற்பித்தல் பகுதி மூவர் குழுவாக நடந்தது. ஒருவர் கற்பிப்பார், ஒருவர் செய்வார், மூன்றாமவர் பார்த்துக் குறிப்பெடுப்பார். கற்பிப்பவர் தாம் ஆசனத்தைச் செய்து காட்டக்கூடாது. சொற்களால் மட்டுமே மாணவரை ஆசனத்துக்குள் கொண்டுவந்து மீண்டும் வெளியே கொண்டுவர வேண்டும். இது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். மூச்சு, அசைய வேண்டிய உறுப்பு, அசைய வேண்டிய திசை என்ற வரிசையில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மாணவர் அதைச் செய்து முடிக்கும்வரை பேசாமல் இருப்பதே நல்ல வழிகாட்டல் என்பதை அவர்கள் விடாப்பிடியாக வலியுறுத்தினார்கள். நம்மில் பலருக்கு இடைவிடாமல் பேசினால்தான் நன்றாகக் கற்பிப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் தோள்பட்டையை இறக்குங்கள், தாடையைத் தளர்த்துங்கள், குதிகாலை அழுத்துங்கள் என்று ஒரே மூச்சில் மூன்று கட்டளைகள் வந்து விழும்போது, மாணவர் தம் உடலைக் கவனிப்பதை விட்டுவிட்டு ஆசிரியரின் குரலைத் துரத்தத் தொடங்கிவிடுகிறார். மூன்றாமவர் எடுத்த குறிப்புகளில், ஆசிரியர் என்ன சொன்னார் என்பதற்கு அருகிலேயே மாணவரின் உடலில் அதனால் என்ன நிகழ்ந்தது என்றும் எழுத வேண்டும். இந்த இரண்டு குறிப்புகளுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டைப் படித்துப் பேசிய மணி நேரங்கள்தாம் முழு வகுப்பிலும் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை என்று தயங்காமல் சொல்வேன்.

தொடுதல் பற்றிய அவர்களின் ஒழுங்குமுறையையும் பாராட்ட வேண்டும். மாணவரின் உடலைக் கையால் திருத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் வாய்விட்டு அனுமதி கேட்க வேண்டும். நேற்றுச் சரி என்றவர் இன்று வேண்டாம் எனலாம். கண்மூடிச் சவாசனத்தில் கிடப்பவரை முன்னறிவிப்பின்றித் தொடவே கூடாது. ஆசனத்தில் மாணவரை அழுத்தி ஆழமாகத் தள்ளுவதை அவர்கள் அடியோடு விலக்கினார்கள். வலி எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை அந்த உடலுக்கு உரியவரால் மட்டுமே உணர முடியும் என்பதால், இந்த விலக்கு மரியாதைக்கும் பாதுகாப்புக்கும் ஒருங்கே உதவுகிறது.

உடற்கூறியல் பாடங்கள் ஒரே தரத்தில் இல்லை. நேரலை மாலைகளில் பாதி நேரம் தசைகளின் பெயர்களையும் அவை எலும்பில் ஒட்டும் இடங்களையும் மனப்பாடம் செய்வதில் கழிந்தது. தேர்வும் அதையொட்டியே இருந்தது. அதற்கு மாறாக, நேரில் நடந்த இடுப்பு மூட்டுப் பாடம் அருமையானது. இடுப்புக் கிண்ணத்தின் ஆழமும், அது நோக்கியிருக்கும் திசையும், தொடை எலும்பின் கழுத்துப் பகுதி சாய்ந்திருக்கும் கோணமும் மனிதருக்கு மனிதர் வேறுபடுகின்றன. ஆகவே சிலருக்கு எத்தனை ஆண்டு முயன்றாலும் பத்மாசனம் அமையாது. எலும்பு எலும்பில் முட்டி நிற்கும் இடத்தைத் தசையின் இறுக்கமாகக் கருதி வலிந்து மடக்கினால், இடுப்பில் கிடைக்காத சுழற்சியை முழங்கால் ஏற்க நேர்கிறது. அது சுழல்வதற்காக அமைந்த மூட்டு அன்று. அதேபோல், முன்னோக்கி வளையும்போது தொடையின் பின்புறத் தசையின் நடுவில் இழுப்பு தெரிந்தால் கவலையில்லை, உட்காரும் எலும்பை ஒட்டிய இடத்தில் சுரீரென்று வலித்தால் தசைநாண் அளவுக்கு மீறி இழுபடுகிறது, உடனே முழங்காலை மடக்கித் தளர்த்த வேண்டும் என்ற ஒரு விளக்கம், நெடுங்காலமாகப் பயிற்சி செய்துவரும் பலருக்குக்கூடத் தெரியாத ஒன்று. மனப்பாடத்துக்குச் செலவான நேரம் முழுவதையும் இத்தகைய பாடங்களுக்கே கொடுத்திருக்கலாம்.

வரலாற்றுப் பாடம் சுருக்கமானது, நேர்மையானது. ஹடயோகத்தின் பழைய நூலான ஹடயோக பிரதீபிகையில் விவரிக்கப்படும் ஆசனங்கள் 15 மட்டுமே என்பதையும், இன்று வகுப்புகளில் கற்பிக்கப்படும் நின்ற நிலை ஆசனங்களும் தொடர் வரிசைகளும் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் மைசூர் அரண்மனையில் கற்பித்த டி. கிருஷ்ணமாச்சாரியார், அவரிடம் பயின்ற பி.கே.எஸ். அய்யங்கார், பட்டாபி ஜோயிஸ் ஆகியோர் வழியாக இன்றைய வடிவம் பெற்றுப் பரவின என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். எல்லாமே ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையைச் சொல்வதால் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. மாறாக, ஒரு தலைமுறை ஆசிரியர்கள் தம் முன்னிருந்த மாணவர்களுக்கு ஏற்ப முறைகளை மாற்றியமைத்திருக்கிறார்கள் என்ற துணிவு நமக்கும் கிடைக்கிறது. முட்டிக்கு அடியில் மடித்த போர்வை, கைக்கு எட்டாத பாதத்துக்கு ஒரு வார், தரைக்கு எட்டாத கைக்கு ஒரு கட்டை என்று அய்யங்கார் துணைக்கருவிகளைப் பெருமளவில் கொண்டுவந்ததும் இந்த நோக்கில்தான்.

குறை இங்கேதான் வருகிறது. உடல் வேறுபாடுகளைப் பற்றி இவ்வளவு நன்றாகப் பேசிய வகுப்பில், நாங்கள் கற்பித்துப் பழகியதெல்லாம் ஒருவருக்கொருவர் மட்டுமே. பங்கேற்றவர்கள் அனைவரும் ஏற்கெனவே யோகம் செய்பவர்கள்; பெரும்பாலும் நலமான மூட்டுகள் உடையவர்கள்; ஆசனத்தின் பெயரைச் சொன்னாலே போதும், உடல் தானாக அந்த வடிவத்துக்குப் போய்விடும். வழிகாட்டல் தவறாக இருந்தாலும் அவர்கள் சரியாகவே செய்துவிடுவார்கள். இப்படிப்பட்ட மாணவர்களை வைத்துக்கொண்டு ஆசிரியரின் திறனை எப்படி அளப்பது? தரையில் அமரவே முடியாதவர், வலது இடது என்றால் ஒரு கணம் தடுமாறுபவர், மூச்சை உள்ளிழுக்கும்போது வயிற்றையும் உள்ளிழுப்பவர், உடல் பருமனால் காலை மார்புக்குக் கொண்டுவர முடியாதவர் ஆகியோரே அன்றாட வாழ்வில் நம்மிடம் கற்க வருபவர்கள். அவர்களில் ஒருவரைக்கூடப் பயிற்சிக் காலத்தில் எங்கள் முன் அமர்த்தவில்லை.

முதியோர், கர்ப்பிணிகள், உயர் ரத்த அழுத்தம் உடையோர், முதுகுவலிக்காரர் ஆகியோருக்கான மாற்றங்கள் அனைத்தும் ஒரே வார இறுதியில், அதுவும் படவில்லைகளாக, ஓடி முடிந்தன. இவற்றில் தவறினால் விளைவு சிறியதன்று. சிரசாசனத்தில் கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பது அளந்து பதிவு செய்யப்பட்ட உண்மை. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவரைத் தலைகீழாக நிறுத்துவது பார்வையோடு விளையாடுவதாகும். எலும்பு மெலிந்தவரை முதுகை உருட்டி முன்னோக்கி வளையச் சொன்னால் முள்ளெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு. கர்ப்பத்தின் பிற்பாதியில் மல்லாந்து நெடுநேரம் படுக்கும்போது கருப்பையின் எடை, இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அழுத்துவதால், சவாசனத்தை இடப்பக்கம் ஒருக்களித்துத் தலையணைத் துணையோடு செய்ய வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரு நாள் முழுவதும் செய்து பார்த்துப் பழக வேண்டியவை. இவற்றை விரைந்து முடித்துவிட்டு, சமூக ஊடகத்தில் பின்தொடர்பவர்களைச் சேர்ப்பது எப்படி, வகுப்புக்குக் கவர்ச்சியான பெயர் வைப்பது எப்படி என்பவற்றுக்கு அதற்கு ஈடான நேரத்தைக் கொடுத்திருந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. தொழிலாகச் செய்ய விரும்புவோருக்கு அது தேவைப்படலாம். ஆனால் வந்தவர்களில் பலர் தம் வீட்டாருக்கும் அலுவலக நண்பர்களுக்கும் அண்டை வீட்டு முதியோருக்கும் கற்பிக்க நினைத்தவர்கள். அத்தகையோருக்குத் தேவையானது நாற்காலியில் அமர்ந்து நடத்தும் ஒரு முழு வகுப்பைக் கட்டமைக்கும் திறனே.

இறுதித் தேர்விலும் இதே குறை தொடர்ந்தது. நலமான சக பயிலுநர்களுக்கு ஒரு முழு வகுப்பை நடத்திக் காட்ட வேண்டும். நடத்திய அனைவருக்கும் சான்றிதழ் கிடைத்தது. முடித்த பிறகு ஐயம் கேட்கவோ, நாம் நடத்தும் வகுப்பை ஒரு முறையாவது வந்து பார்த்துச் சொல்லவோ எந்த ஏற்பாடும் இல்லை. இரண்டு மூன்று மாதங்களுக்கேனும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வை தொடர்ந்தால் இந்தப் பயிற்சியின் தரம் வேறு நிலைக்கு உயரும்.

இப்போது நான் வாரத்தில் சில நாட்கள் பணியிடத்தில் மதிய இடைவேளைக்கு முன் நாற்காலிப் பயிற்சியும், மாலையில் முதிய பெண்கள் சிலருக்கு ஒரு வகுப்பும் நடத்துகிறேன். மூட்டு வீக்கமும் உறைந்த தோளும் உள்ளவர்களுக்குத் தேவையான மாற்றங்களை, வகுப்பில் கிடைக்காததால், முதியோருக்குக் கற்பிப்பதில் நெடிய அனுபவமுள்ள ஒருவரின் அருகில் உதவியாளராக நின்று கற்றுக்கொண்டேன். ஆனால் அப்படி நின்று பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை இந்த வகுப்பின் மூவர் குழுதான் எனக்குக் கற்றுத் தந்திருந்தது. கையை உயர்த்தும் முதியவரின் தோளைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய முகத்தையும் மூச்சையும் பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்ததே. மூச்சு நின்றுவிட்டால் ஆசனம் அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள். அதற்குமேல் கோணத்தை அளக்க வேண்டியதில்லை.

வகுப்பில் சொல்லப்பட்ட ஓர் எச்சரிக்கை, கற்பிக்கத் தொடங்கிய பின்புதான் எனக்கு முழுமையாக விளங்கியது. ஆசிரியர் செய்து காட்டுவது அவருடைய பயிற்சி ஆகாது. மாணவரைப் பார்த்துக்கொண்டும் பேசிக்கொண்டும், பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டுமே செய்து காட்டுவதால் உடல் மெல்ல மெல்ல ஒருபுறம் சாய்கிறது. மூச்சோ பேச்சுக்குப் போய்விடுகிறது. எனவே கற்பிக்கும் நாளிலும் தமக்கென்று தனியே, யாரும் பார்க்காத ஒரு பயிற்சி இருக்க வேண்டும் என்றும், செய்து காட்டும் பக்கத்தை வாரந்தோறும் மாற்ற வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். நாள் முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வகுப்பெடுத்துத் தம் பயிற்சியைத் தொலைத்துவிட்ட ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களின் குரலிலேயே அந்த வறட்சி தெரிந்துவிடும்.

தம் பயிற்சியைச் சீர்ப்படுத்திக்கொள்ள விரும்பும் எவருக்கும், கற்பிக்கும் எண்ணம் இல்லாதவருக்கும்கூட, இந்த வகுப்பை நான் முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். கற்பிப்பதற்காகச் சேர்பவர்கள், முடித்த கையோடு முதியோருக்கோ நோயாளிகளுக்கோ தனியே வகுப்பெடுக்கப் புறப்படாமல், அனுபவமுள்ள ஒருவரின் வகுப்பில் சில மாதங்களாவது துணை நிற்பதற்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும். இதையொத்த வேறு வகுப்புகளைப் பார்ப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் நான்கு செய்திகளைக் கேட்டறியலாம்: பயிலுநர் அல்லாத வெளி மாணவர்களுக்கு எத்தனை மணி நேரம் கற்பிக்க வாய்ப்புண்டு, ஒரு மூத்த ஆசிரியருக்கு எத்தனை பயிலுநர்கள், தேர்வில் எவரேனும் மறுமுறை எழுத வேண்டியிருந்திருக்கிறதா, நேரலை மணி நேரங்களில் நம் உடலை ஆசிரியர் பார்க்கிறாரா அல்லது நாம் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமா. ஒரு வகுப்பில் பார்வையாளராக அமர அனுமதி கேளுங்கள். அனுமதித்தால், ஆசிரியர் தம் ஆசனத்தைச் செய்து காட்டுவதில் எவ்வளவு நேரம் செலவிடுகிறார், மாணவர்களிடையே நடந்து அவர்களைப் பார்ப்பதில் எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்பதைக் கவனியுங்கள்.